டாவிக் ஊர் திரும்பாத வாரம்

புதுச்சத்திரத்திலிருந்து பிரிந்து போகும் மண் ரோட்டில் இருக்கிறது தமிழரசுவின் கோழிப்பண்ணை. முட்டைக்கோழி ஷெட்டுகள், ஒரு தீவன குடோன், அதை ஒட்டி வீடு. ஆளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடிக்க மாட்டான், கோபம் வராது, இன்ஜினியரிங் படித்தவன், கொஞ்சம் காடு தோட்டமும் உண்டு. ஆனாலும் நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதில் கல்யாணம் ஆகவில்லை. அவனைப் போல அந்த வட்டாரத்தில் இன்னும் எத்தனையோ பேர் உண்டு. பெண் வீட்டார் வருவார்கள், காபி குடிப்பார்கள், ஷெட் பக்கமிருந்து காற்று திரும்பும், அத்தோடு அவர்கள் முகமும் திரும்பும். முட்டை மட்டும் எல்லார் வீட்டுக்கும் வேண்டும். பெண்ணைக் கொடுக்கத்தான் யாருக்கும் மனசு வராது.

அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் ‘கடைசிக் கரை’ என்கிற வீடியோ கேம். திருச்செங்கோட்டில் காலேஜ் படித்தபோது ஹாஸ்டலில் முதல் பாகத்தை ஆடினான். டாவிக் என்றொரு படகோட்டி. அவனைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஊரில் நீவா என்றொருத்தி அவனுக்காகக் காத்திருக்கிறாள். அவன் திரும்பிப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் கதை. பாகத்துக்குப் பாகம் ஒரு கடல், ஒரு சிறை, ஒரு கிறுக்குப் பிடித்த ராஜா. ஒவ்வொரு முடிவிலும் ஊர் கொஞ்சம் கிட்டே தெரியும், அதற்குள் ஏதாவது ஒன்று வந்து அவனை இழுத்துக்கொண்டு போய்விடும். கம்பெனிக்காரர்கள் சில வருஷத்துக்கு ஒரு பாகம் விட்டார்கள். தமிழரசுவுக்கு ஜாதகம் வந்த வேகமும் கிட்டத்தட்ட அதுதான். கூட ஆடிய கூட்டாளிகளுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைகளே கேம் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். தமிழரசுவும் டாவிக்கும்தான் பாக்கி. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, வீட்டுக்குப் போனால் பேச ஆள் இருக்கிறது.

அப்போதுதான் கிருத்திகாவின் பேச்சு வந்தது. சேலத்தில் மலை ரோடு ஏறுமிடத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு. ஒரு மருந்துக் கடையில் வேலை. முதல் கல்யாணம் சரிப்படாமல் பிரிந்து வந்தவள். மற்றவர்கள் மாதிரி தரகர் வழியாகச் சுற்றி வளைக்காமல் அவளே பண்ணைக்கு வந்து பார்த்தாள். ஷெட்டுக்குள் போய் நின்று, கூண்டுக் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டிய கோழிகளை வேடிக்கை பார்த்தாள்.

“நாத்தம் இருக்குமுங்க,” என்று அவனாகவே சொன்னான்.

“மருந்துக் கடையில மட்டும் என்ன மல்லிகப்பூ வாசமாங்க அடிக்குது? பழகிப் போயிருமுங்க,” என்றாள். போகும்போது, பெருந்துறையிலிருந்தும் ஒரு இடம் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சென்றால் முதலில் கோயிலில் பூக் கேட்பார்கள். சாமியின் இரண்டு பக்கமும் ஈரப் பூவை ஒட்டிவைத்துவிட்டுக் காத்திருப்பது. வலப்பக்கப் பூ விழுந்தால் சம்மதம். இடப்பக்கப் பூ விழுந்தாலோ, எதுவுமே விழாவிட்டாலோ பேச்சு அத்தோடு நின்றது. ஏன் எதற்கு என்று யாரும் துருவ மாட்டார்கள், கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாதவர்களுக்கு அது பெரிய சௌகரியம். அவன் அம்மா பொன்னாத்தாள் கேட்கும்போதெல்லாம் பூ ஒழுங்காக வலப்பக்கம்தான் விழுந்தது. பெண் வீட்டார் கோயிலில்தான் விழுந்தபாடில்லை. கேட்டுக் கேட்டுத் தமிழரசுவுக்குப் பூவின் மேலிருந்த நம்பிக்கையே விட்டுப்போயிற்று.

“நாளைக்குக் கோயலுக்குப் போயிட்டு வந்தர்றேன் சாமி,” என்றாள் பொன்னாத்தாள்.

“இந்தவாட்டி நீ போவேண்டாம்மா. நானே கேட்டுக்கறேன்,” என்றான்.

அவன் கோயிலுக்குப் போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமைதான் ‘கடைசிக் கரை’யின் கடைசிப் பாகம் வெளியாகியிருந்தது. இத்தோடு கதை முடிந்தது என்று கம்பெனியே சொல்லியிருந்தது. டாவிக் வீடு போய்ச் சேர்ந்தால் தானும் சரியென்று சொல்லிவிடுவதாக மனசுக்குள் முடிந்துகொண்டான். கிறுக்குத்தனம்தான். ஆனால் இத்தனை பாகம் அலைய விட்டவர்கள் கடைசியிலாவது கொண்டுபோய்ச் சேர்க்காமலா இருப்பார்கள்? பதில் தெரிந்த கேள்வியைத்தான் அவன் கேட்டான். பட்டுப் பட்டுச் சளைத்தவனுக்குப் பின்னாலிருந்து ஒரு தள்ளு வேண்டியிருந்தது.

கோழிகள் அடங்கிக் கிடக்கும் மத்தியான நேரமாகப் பார்த்து ஆடினான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிவாக்கில் டாவிக் ஊர்க் கரையில் இறங்கினான். தலை நரைத்திருந்தது. அதே வேலி, அதே வீடு, ஜன்னலில் வெளிச்சம். உள்ளே ஒரு பெண் குரல் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தது. டாவிக் கதவு வரை போனான், கையைத் தூக்கினான். அப்படியே இறக்கிவிட்டுத் திரும்பிக் கடலை நோக்கி நடந்தான். தமிழரசு எந்தப் பட்டனை அழுத்தியும் அவன் நிற்கவில்லை. திரை இருண்டு, வேலை செய்தவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

தமிழரசு கடைசிப் பெயர் வரை பார்த்தான். அவனுக்கு வந்தது கோபமில்லை, பயம். பிறகு போனை எடுத்துக் கிருத்திகாவைக் கூப்பிட்டான்.

“பூ உழுகலீங்க,” என்றான்.

“அப்படீங்களா,” என்றாள். “சரீங்க. சாமி சொன்னதுக்கு மேல நாம என்னங்க சொல்றது.”

பொன்னாத்தாளிடமும் அதையேதான் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். இத்தனை வருஷத்தைக் குப்பையில் போட்டுவிட்டார்கள் என்று திட்டித் தீர்த்தார்கள். தமிழ் ரசிகர் குழுவில் மேட்டூர்க்காரன் ஒருவன் டிஸ்கை அணைத் தண்ணீரில் வீசி எறிந்து வீடியோ போட்டான். முடிவை மாற்றச் சொல்லி எல்லோரும் இணையத்தில் ஒரு மனு போட்டுப் பெயர் சேர்த்தார்கள், தமிழரசுவும் சேர்த்தான். ‘இவ்வளவு தூரம் வந்தவன் கதவை ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். உள்ளே இருக்கிறவள் வேண்டாம் என்றால் அப்புறம் திரும்பியிருக்கலாம்’ என்று எழுதினான். அதைப் பாராட்டாத ஆளில்லை. மறுநாள் காலை முட்டை பொறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான், தான் எழுதியது யாரைப் பற்றி என்று அவனுக்கு உறைத்தது. முட்டை அட்டையைக் கீழே வைத்துவிட்டு ஷெட்டுக்குள்ளேயே அழுதான். கோழிகள் கத்துகிற கத்தலில் அது வெளியே கேட்கவில்லை.

அன்றைக்கே கூப்பிட்டிருக்கலாம். என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? சாமி மேல் பொய் சொன்னேன் என்பதா, கேமைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்பதா? நாளைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளி ஆடி மாசமும் போயிற்று.

ஆவணியில் கம்பெனி இறங்கி வந்தது. ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டுப் புது முடிவு ஒன்றை வெளியிட்டது. குழுவில் ஒரே கொண்டாட்டம், ஜெயித்துவிட்டோம் என்று ஆளாளுக்குக் கூத்தாடினார்கள். தமிழரசு ஆடிப் பார்த்தான். இந்தத் தடவை டாவிக் கதவைத் தட்டினான். நீவா திறந்தாள். அவளுக்கும் நரைத்திருந்தது. அவள் வழிவிட்டு நின்றாள்.

அவன் உடனே போனை எடுத்தான். அப்போதுகூட கேம் சம்மதம் கொடுத்த பிறகுதான் அவனுக்குக் கை நீண்டது. அதை நினைத்தால் கதை சொல்கிற எனக்கே அவன் மேல் ஆத்திரம் வருகிறது.

“நான் தமிழரசு பேசறனுங்க. மறுபடியும் கேட்டனுங்க. இந்தவாட்டி உழுந்துருச்சு.”

“ஒருக்கா கேட்டத மறுக்கா கேக்கக் கூடாதுங்களே,” என்றாள் கிருத்திகா. குரலில் கோபமில்லை. “போன வாரந்தானுங்க உப்புச்சக்கரை மாத்துனோம். அந்தப் பெருந்துறைக்காரங்க ஊட்டோட.”

உப்புச்சக்கரை மாற்றினால் நிச்சயம் முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் பேச இடமில்லை.

“சந்தோசமுங்க,” என்றான் தமிழரசு.

அவள் போனை வைக்காமல் இருந்தாள். “உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க. அன்னிக்கு நானும் எங்க கோயல்ல பூக் கேட்டிருந்தனுங்க. எனக்கு வலப்பக்கந்தான் உழுந்துச்சு. உங்களுக்கு உழுகலைன்னு சொன்னீங்களா, சரி, எனக்கு உழுந்தது காத்துக்கு உழுந்துருக்கும்னு நெனச்சுட்டேன்.”

நான் பூவே கேட்கவில்லை என்று சொல்ல அவன் வாயெடுத்தான். சொன்னால் அவன் பாரம் இறங்கும், ஆனால் இனிமேல் பெருந்துறையில் குடித்தனம் பண்ணப்போகிறவள் அதைச் சுமந்துகொண்டு போக வேண்டியிருக்கும்.

“காத்தாத்தானுங்க இருக்கும்,” என்றான்.