பாலைவனம் என்றால் வெயில் என்று நம்பிப் போனவர்

எங்கள் அண்ணன் பிறந்த ஊர் நெய்வேலியை ஒட்டிய முந்திரிக்காட்டு ஊர். அது இப்போது இல்லை; சுரங்கத்துக்குள் போய்விட்டது. நிலம் கொடுத்த வீடு என்று அண்ணனுக்கு வேலை கிடைத்தது. எங்கள் கொல்லை இருந்த இடத்தைத் தோண்டிய இயந்திரத்திலேயே அவருக்கு ஷிப்ட் விழுந்தது. "நம்ம கெணத்த நானே தோண்டி எடுத்துட்டேன் பாப்பா" என்று அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்ததும், கல்யாணம் செய்துகொடுத்ததும் அவர்தான். அந்தக் கஷ்டங்களையும் எங்களுக்கு வேடிக்கைக் கதைகளாகவே சொல்லி வைத்திருந்தார்.

அவர் மகள் பிளஸ் ஒன் சேரும் நேரத்தில் ராஜஸ்தானில் ஒரு சுரங்கத்துக்கு மாற்றல் வந்தது. அண்ணியும் மகளும் குவார்ட்டர்ஸில் இருக்க, அண்ணன் மட்டும் போனார். பாலைவனம் என்று சொன்னதும் டேபிள் ஃபேனையும் பானை ஒன்றையும் கட்டிக்கொண்டு ரயிலேறினார். ஸ்வெட்டர் எடுத்துவையுங்கள் என்று வழியனுப்ப வந்த ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அக்கினி நட்சத்திரத்தில் நெய்வேலியில் நின்றுகொண்டு குளிரை யார் நினைப்பார்கள்.

மார்கழி வந்ததும் குடும்பத்து வாட்ஸப்பில் அவர் குரல் வர ஆரம்பித்தது. "குளிச்சியான்னு கேக்காதீங்க. தண்ணிய பாத்து ஒரு கும்புடு போட்டுட்டு வந்துட்டேன்." "தேங்கா எண்ணெ கல்லாயிடுச்சி. பாட்டில அக்குள்ள வெச்சிகினு கொழந்தையாட்டம் தூங்க வெக்கிறேன்." குரங்குக் குல்லாய்க்கு மேல் சுரங்கத்து ஹெல்மெட், பேண்ட்டுக்கு மேல் லுங்கி, அதற்கும் மேல் போர்வை என்று ஒரு படம் அனுப்பினார். அதன் கீழே, "பண்ருட்டி பலாப்பழத்துக்கே ஒரு கோணிதான், எனக்கு மூணு" என்று எழுதியிருந்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கல்யாண வீடுகளில் அவர் குரலைப் போட்டுக் காட்டினோம். "அண்ணனுக்கு அங்க நல்லா பொழுது போவுது" என்றார் சித்தப்பா மகன் ஒருவர்.

இரண்டாவது குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. பேசும்போது இருமல் வந்துவிட்டால் அந்தப் பதிவை அழித்துவிட்டு மறுபடி பேசி அனுப்புவாராம். பக்கத்து அறைச் சேலத்துக்காரர் பிறகு சொன்னார். அதற்குள் நெய்வேலிக்கே திரும்பும் உத்தரவு வந்திருந்தது. மகளின் பரீட்சை முடியும் பங்குனியில் ஊருக்கு வந்துவிடலாம். அந்தக் குளிரைத் தாண்டினால் போதும், அதுதான் அவருடைய ஒரே கவலை.

தை பிறக்கும் முன் ஒரு நாள் சாயங்காலம் எனக்குப் போன் செய்தார். "பாப்பா, நம்மூரு வெயில ரூமுக்குள்ள கொண்டாந்துட்டேன். ஒரு சட்டி கரி போட்டு பத்த வெச்சிருக்கேன். ஜன்னலுக்குக் கோணி அடிச்சாச்சி. இந்தக் கரி ஊருக்கெல்லாம் கரண்ட்டு குடுக்குது, எனக்கு ஒரு ராத்திரி சூடு குடுக்காதா?"

"அப்ப இன்னிக்கி குளிப்பியாண்ணா?" என்றேன்.

"அவ்ளோ பேராசை வாணாம்மா."

இதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. பழுப்பு நிலக்கரியைப் பற்றி அண்ணனுக்குத் தெரியாதது இல்லை என்று எல்லோரும் சொல்வோம். ஆனால் ஆயுள் முழுக்க அவர் அதைப் பார்த்தது திறந்த வானத்தின் கீழே. சாத்திய அறைக்குள் அதன் புகை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. காலையில் ஷிப்ட் பஸ்ஸுக்கு வரவில்லையே என்று சேலத்துக்காரர்தான் கதவை உடைத்தார். அறை கதகதப்பாக இருந்ததாம்.

இனி எழுதுவது, "முகம் பார்க்க விடாமல் எடுத்துவிட்டார்கள்" என்று இந்த ஓராண்டாகக் குறை சொல்லிவரும் சொந்தங்களுக்காக. விமானத்தில் வந்த அண்ணனை, குவார்ட்டர்ஸ் வாசலில் வாடகை ஐஸ் பெட்டியில் வைத்தோம். பெட்டிக்காரர் மூடியைத் தொட்டுப் பார்த்து, மரியாதையாகத்தான் கேட்டார். "கூலிங் போதுங்களா? பத்தலன்னா ஏத்தி வுடுறேங்க."

அதுவரை அழாமல் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்தார். "ஏத்துறியா? ரெண்டு வருசமா நடுங்கினு கெடந்தது பத்தலியா?" என்று பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். வெளியூர்க்காரர்கள் வர வேண்டும் என்று பெரியவர்கள் கெஞ்சினார்கள். அண்ணி கொடுக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் உடனே எடுத்தோம்.

கதவை உடைத்த சேலத்துக்காரருக்கும், விமானத்தில் உடன் வந்த தொழிலாளத் தோழர்களுக்கும், எங்கள் பிளாக்கில் அன்று அடுப்பு மூட்டாமல் இருந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முகம் பார்க்க முடியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்கும்படி பெரியவர்கள் அண்ணியிடம் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். நானும் கேட்கவில்லை. உங்கள் போன்களில் அண்ணன் இன்னும் சிரிக்கவைத்துக்கொண்டுதான் இருக்கிறார், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.