கடைசியாக மூடிய விண்டோ

பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு வரியை அடித்து என்டர் தட்டினால் உடனே விடை வரும். மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு அடித்த வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். அந்தத் தைரியத்தில் நான் எதையும் தனியாக எழுதி வைப்பதில்லை. மகள் எப்போது எழுவாள், எப்போது மடியில் ஏறுவாள் என்று தெரியாத வீட்டில் அதுதான் தோதாக இருந்தது.

அவள் பிறந்து இரண்டு வருடம் கழித்துக் கிடைத்த வேலை. திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தே செய்யலாம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றிருந்தார்கள். தக்காளி நாற்றுக்குப் பதிந்துகொண்ட வடமதுரைப் பக்கத்து விவசாயிகளின் பட்டியலில் இரட்டிப்பாக வந்த பதிவுகளை நீக்கிச் சுத்தம் செய்து அனுப்பியிருந்தேன். எப்படிச் செய்தேன் என்பதை மறுநாள் காலை பத்து மணிக்குள் வரிவரியாகத் தரும்படி குழுத்தலைவி கேட்டிருந்தார்.

அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். சீட்டில் டாக்டர் எழுதிய மருந்தளவு அவள் எடைக்குச் சரிதானா என்று பார்க்க இன்னொரு விண்டோ திறந்திருந்தேன். வேலை விண்டோவில் வீட்டு விஷயம் கலக்கக் கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட ஒழுங்கு.

“டாக்டர் எழுதுனத நீ திருத்தப் போறியாக்கும்,” என்றார் கணவர்.

“திருத்தல. பாத்துக்கிறேன்.”

“காலைல இருந்து நாலு தடவ பாத்துட்ட. செத்த நேரம் பிள்ளையவும் பாரு.”

சாயங்காலம், நான்கு நாளாகத் திறந்தே கிடந்த வேலை விண்டோவை முதலில் மூடினேன். பிறகு மருந்து விண்டோவை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அம்புக்குறியை அழுத்தினால் எடை, அளவு, எடை, அளவு. அதற்கு முன்னால் போன வாரத்து வரிகள். பட்டியலுக்காக அடித்ததில் ஒன்றுகூட இல்லை. தேடிப் படித்த பிறகு புரிந்தது. ஒவ்வொரு விண்டோவும் மூடும்போது தனக்குத் தெரிந்ததை மட்டும் வரிகள் சேமிக்கப்படும் ஒரே கோப்பின் மேல், இருந்ததை அழித்து எழுதிவிடுகிறது. கடைசியாக மூடியதுதான் நிற்கும்.

ஞாபகத்திலிருந்து மறுபடி அடிக்கத் தொடங்கினேன். ஒரே போன் எண் இரண்டாவது முறை வந்தால் அந்தப் பெயரை நீக்கும் வரியை அடித்துவிட்டு நின்றேன். என் மாமனாருக்கும் மாமியாருக்கும் ஒரே எண்தான். நீக்கப்பட்ட பெயர்களை அப்போதுதான் வாசித்தேன். பெரும்பாலும் பெண்கள். அவரவர் பெயரில் தனித்தனி நிலம். நான் அனுப்பிய பட்டியலில் இவர்கள் இல்லை. நாற்று இவர்களுக்கு வராது.

அடித்த வரியை அப்படியே கொடுத்தால் பட்டியலோடு பொருந்தும், வேலையும் நிலைக்கும். இரண்டு முறை போனை எடுத்துக் கீழே வைத்தேன். ஒன்பதரைக்குக் குழுத்தலைவியை அழைத்தேன்.

“அக்கா, நான் அனுப்புன லிஸ்ட் தப்பு.”

“எந்த வரியில?”

“பழைய வரியெல்லாம் அழிஞ்சு போச்சுக்கா. ஆனா இன்னிக்கும் கை அதே தப்பத்தான் அடிச்சுச்சு.”

“லிஸ்ட் பதினோரு மணிக்கு ஊருக்குப் போகுது. அதுக்குள்ள திருத்தித் தருவீங்களா?” என்றார்.

“தாரேன்கா.”

வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பதினொன்றுக்குப் பத்து நிமிடம் முன்பு அனுப்பினேன். அனுப்பிய பிறகு அந்தப் பெண்களின் பெயர்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றனவா என்று முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.