என் வீட்டுக்காரரின் இங்கிலீஷ்

என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷில் ஆயிரக்கணக்கான வார்த்தைகள் தெரியும். அவற்றில் பாதிக்கு மேல் என்ன அர்த்தம் என்று தெரியாது. பத்தாம் வகுப்பில் அவர் தோற்றதே இங்கிலீஷில்தான். அந்த வருஷமே தறிக்குப் போய்விட்டார். நான் கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்தபோது சொந்தமாக ஆறு விசைத்தறி வைத்திருந்தார். வீட்டுக்கும் தறி ஓடும் செட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

முப்பது வருஷம் தறிச் சத்தத்துக்குள் நின்றதில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. ஒரே நாளில் போயிருந்தால் வைத்தியம் பார்த்திருப்போம். கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் நாங்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை உயர்த்திக்கொண்டே போனோம். கடைசியில் அவர் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். "போனா நாலு பேர் ஏதாவது கேப்பாங்க" என்பார். காது மெஷின் பற்றி ஒருமுறை பேச்செடுத்தேன். "கெழவன் ஆயிட்டேங்கியா?" என்று எழுந்து போனார். நானும் விட்டுவிட்டேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்திருந்தபோது அவர் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். ஏழு எழுத்து வரும். அவற்றைச் சேர்த்து இங்கிலீஷ் வார்த்தையாகக் கட்டத்தில் வைக்க வேண்டும். எதிராளி எங்கேயோ வேறு நாட்டில் இருப்பார். பேச வேண்டாம், கேட்க வேண்டாம். அர்த்தம்கூடத் தெரிய வேண்டாம், அப்படி ஒரு வார்த்தை அகராதியில் இருந்தால் போதும்.

அவர் அதில் விழுந்துவிட்டார். ஒரு நோட்டு வாங்கி, ரெண்டெழுத்து வார்த்தை, மூணெழுத்து வார்த்தை என்று எழுதிப் படித்தார்.

"க்யூ வந்துட்டா எல்லாரும் யூ வேணும்னு தவிப்பாங்க. ஐ ஒண்ணு இருந்தா போதும், ரெண்டெழுத்துல ஒரு வார்த்தை இருக்கு, தெரியுமா?"

"அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கத்தினேன்.

"யாருக்குத் தெரியும்? பதினோரு பாயிண்ட்."

ஒருநாள் செட்டிலிருந்து ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏட்டி, இங்க வந்து பாரு! நாம நெய்யுத சேலை, சாரின்னு இங்கிலீஷ்லயும் இருக்கு. வச்சேன், ஏத்துக்கிடுச்சு!"

"அடுப்புல சாம்பார் பொங்குது. சேலையாம் சேலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பிறகு நான் போய்ப் பார்க்கவில்லை. என்னையும் விளையாடக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு இங்கிலீஷ் வராது என்றேன். "எனக்கு மட்டும் வருதா?" என்றார். அதற்கும் போகவில்லை.

போன ஐப்பசியில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே முடிந்துவிட்டது.

பதினாறு முடிந்த மறுநாள் அவர் போன் அலமாரியில் அதிர்ந்தது. எடுத்தேன். உங்கள் முறை, விளையாடுங்கள் என்று இங்கிலீஷில் இருந்தது. பாதியில் நிற்கும் ஆட்டம் ஒன்று. எதிராளியின் படத்தில் ஒரு நாய் மட்டும் இருந்தது. இறந்தவரை ஆட்டத்துக்குக் கூப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அந்த ஆளிடம் சொல்லிவிடலாம் என்று, செய்தி எழுதும் இடத்தைத் தேடித் திறந்தேன்.

அங்கே இரண்டு வருஷப் பேச்சு இருந்தது. என் வீட்டுக்காரர் எழுதியது. வாக்கியம் இல்லை, ஒற்றை ஒற்றை இங்கிலீஷ் வார்த்தைகள். அதனால்தான் எனக்கே எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. "மழை. கரண்ட் இல்லை. தறி இல்லை." "மகள் வந்தாள். சந்தோஷம்." "மனைவி காய்ச்சல். நான் கஞ்சி." அப்படியே கீழே வந்தேன். "என் காது சாகுது. பயம்." அதற்கும் கீழே, இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால்: "மனைவி பேசுவாள். நான் வாய் பார்ப்பேன். வார்த்தை தெரியாது. சிரிப்பேன்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. முகம் தெரியாத ஒருத்தனிடம் சொன்னதை என்னிடம் சொல்ல மாட்டாரா? பிறகு கோபம் போய் வேறொன்று வந்தது. என்னிடம் எப்படிச் சொல்வார்? நான் பேசியதெல்லாம் கத்தல். சாப்பிட வாங்க, நூல் வந்திருக்கு, கரண்ட் பில் கட்டியாச்சா. கத்திச் சொல்ல முடியாத எதையும் அவரிடம் சொல்வதை நான் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தேன். அவர் சிரித்தபோதெல்லாம் கேட்டுவிட்டது என்று நினைத்தேன்.

ஹஸ்பண்ட் டெட் என்று எழுத்துக்கூட்டி எழுதி அனுப்பினேன். பதில் நீளமாக வந்தது. மகளுக்கு அனுப்பிப் படித்துச் சொல்லச் சொன்னேன். அவளால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

"அம்மா, அவரு பிரேசில்ல ரொட்டிக்கடை வச்சிருக்காராம். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாதாம், யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க. தினமும் அடுப்பு மூட்டினதும் அப்பா வார்த்தை வந்திருக்கான்னுதான் முதல்ல பாப்பாராம்."

"வேற என்ன சொல்லுதாரு?"

"இந்த ஆட்டத்தை என்ன செய்யன்னு கேக்காரும்மா."

அவர் போனைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டேன். ரெண்டு நாள் கழித்து, எதிராளி விலகிக்கொண்டார், நீங்கள் ஜெயித்தீர்கள் என்று போனில் வந்தது. ரொட்டிக்கடைக்காரரே தோற்றுக்கொடுத்திருக்கிறார்.

தைக்குப் பிறகு தறிகளை விற்றோம். செட் காலியாகிச் சத்தம் நின்ற பிறகுதான் தெரிந்தது, மகள் போனில் பேசுவதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை என்று. திருநெல்வேலியில் காது டாக்டரிடம் காட்டினேன். உங்களுக்கும் அந்தச் சத்தம்தாம்மா, இன்னும் தாமதிக்காதீங்க என்றார். நான் கூச்சப்படவில்லை. அன்றைக்கே மெஷினுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன்.

அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று, காலி செட்டின் தகரக் கூரையில் புறா நடக்கும் சத்தம் கேட்டது. நகம் உரசுவது வரை கேட்டது. வாசற்படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன்.