கடை மாத்திரைக்கு ஒரு கட்டம்

ஆயிரக்கணக்கான நோயாளிகளின் விவரங்களைப் படித்துத் தேறிய கம்ப்யூட்டருக்கு, நாகலாபுரத்தில் ஆடு மேய்க்கிற ஒரு பெண்ணின் கிட்னியைப் பற்றி என்ன தெரியும்? ஊர் திரும்பிய பாண்டிச்செல்வி, பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் இப்படிக் கேட்டார். ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் அவர் முதலில் கேட்டது என்னிடம் அல்ல, டாக்டரிடம்.

பாண்டிச்செல்விக்கு ஐம்பத்து நான்கு வயது. நாற்பது வெள்ளாடுகள். இதயத்தில் மூன்று அடைப்பு. மதுரையில் ஒரு மருத்துவமனையில் மறுநாள் காலை பைபாஸ் என்று முடிவாகியிருந்தது. தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மகள் காளீஸ்வரி கூட இருந்தாள்.

டாக்டர் நந்தகோபால் மடிக்கணினியோடு வந்தார்.

"இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு ரெண்டு மூணு நாள்ல கிட்னி சோர்ந்துபோகும். யாருக்கு அப்படி ஆகும்னு இது முன்கூட்டியே கணிக்கும். உங்களுக்கு நூத்துக்கு நாலுதான். பயமில்லைம்மா."

"அதுக்கு எப்படித் தெரியும் சார்?"

"வயசு, ரத்த டெஸ்ட், சுகர், மாத்திரை எல்லாம் போட்டிருக்கோம். இங்க வர்றதுக்கு முன்னாடி டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை எதுவும் சாப்பிடலைன்னு சொன்னீங்கல்ல?"

"டாக்டர் குடுத்தது இல்ல. கடையில வாங்கித் திங்குதது உண்டு."

எங்கள் பக்கம் உடம்பு வலிக்கிறதென்றால் மருந்துக் கடையில் "ஒரு செட்டு" என்று கேட்டால் போதும். வலி மாத்திரையோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். அதை மருந்தென்று யாரும் நினைப்பதில்லை. வெற்றிலை போடுவது மாதிரி. பாண்டிச்செல்வி எட்டு வருஷமாகக் காலையில் ஒரு செட்டை விழுங்கிவிட்டுத்தான் ஆட்டை மேய்ச்சலுக்குப் பத்துவார்.

டாக்டரின் முகம் மாறியதைப் பார்த்த காளீஸ்வரி அம்மாவின் தொடையில் கிள்ளினாள். "எம்மா, சும்மா இரேன். ஆபரேஷன தள்ளி வச்சிருவாவ."

"தள்ளட்டும்ட்டி. கிட்னி போனா உன் தீப்பெட்டி ஆபீசுல செஞ்சு தருவாவளா?"

டாக்டர் சமாளித்தார். "ரத்த டெஸ்ட் நல்லாத்தான் இருக்கும்மா. இது ஆயிரக்கணக்கான பேரைப் பாத்துப் படிச்சது."

"அந்த ஆயிரத்துல ஆட்டுக்குப் பின்னால போறவ எத்தன பேரு? செட்டு போடுதவ எத்தன பேரு? அவியள்ட்டயும் டாக்டர் குடுத்த மாத்திரையத்தான கேட்டிருப்பீய?"

பாண்டிச்செல்வி கையெழுத்துக்காகத் தந்திருந்த ஒப்புதல் தாளைக் கட்டிலில் வைத்தார்.

"திருப்பி எழுதுங்க சார். இல்லன்னா கையெழுத்து கெடையாது."

அவர் கோபத்தோடு போனார். ஆனால் போனவர் பெரிய டாக்டரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். கிட்னியைக் கெடுக்கிற அந்த வலி மாத்திரையைச் சேர்த்துப் போட்டதும் நாலு, இருபத்தி ரெண்டாக ஏறியது. ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளினார்கள். செட்டு அடியோடு நின்றது. காளீஸ்வரி முணுமுணுத்துக்கொண்டே தீப்பெட்டி ஆபீசுக்கு இன்னும் ஒரு வாரம் லீவு சொன்னாள்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் சிறுநீர் குறைந்தது. இருபத்தி ரெண்டு என்று தெரிந்து மணிக்கு ஒரு தடவை அளந்துகொண்டிருந்ததால் உடனே பிடித்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் கிட்னி பழையபடி வேலை செய்தது. டயாலிசிஸ் வரை போகவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது நந்தகோபால் புதுப் படிவத்தைக் காட்டினார். "கடையில் நீங்களாக வாங்கும் மாத்திரை" என்று தனிக் கட்டம் இருந்தது. வார்டில் இருந்த முப்பது பேரிடம் கேட்டதில் பதினோரு பேர் ஆமாம் என்றார்களாம்.

"சந்தோஷமாம்மா?"

"பாதி. நாங்க ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கோம்னு எங்க கேட்டிருக்கீய? கரிசக் காட்டுல ஒதுங்க ஒரு மறைவு கெடையாது. அதனால நாங்க பொம்பளைக பொழுதடையுத வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல. உங்க கம்ப்யூட்டர் அதையும் படிக்கட்டும்."

டாக்டர் பேனாவை எடுத்து, படிவத்தின் ஓரத்தில் கையாலேயே அதை எழுதினார். எழுதி முடிக்கும்வரை பாண்டிச்செல்வி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இதைப் படித்தவர்கள் இதோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டில், தெருவில், தீப்பெட்டி ஆபீசில், ஆபரேஷனுக்குப் போகிற யாராவது இருந்தால் பாண்டிச்செல்வி கதையைச் சொல்லுங்கள். அவர்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்லட்டும்.