நாற்பது எழுத்துத் திரை

சூடேறிய தூசியின் வாசனையோடுதான் அந்த அறை எனக்கு நினைவுக்கு வருகிறது. சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், முழுப்பரீட்சை லீவுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஒரு "பெட்டி"க்கு நான்கு பேராக உட்காருவோம், ஏழாம் வகுப்பு முடித்திருந்த எனக்குக் கடைசி நாற்காலி. திரையில் வெள்ளை எழுத்து ஓடுகிறது என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்; அங்கிருந்து பார்த்தால் கறுப்புச் சேலையில் மாவு சிந்தியதுபோலத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துக் கரும்பலகையும் அப்படித்தான்.

பாடம் சொன்ன சார் கடையநல்லூர்க்காரர், இளவயது. ஒருநாள் "மோட்" என்றொரு கட்டளை சொல்லிக்கொடுத்தார். அந்தச் சொல்லை அடித்துப் பக்கத்தில் வேண்டியதைச் சேர்த்தால், பிரிண்டர் ஒரு வரியில் எத்தனை எழுத்து அடிக்க வேண்டும், பெட்டிக்குப் பின்னால் செருகிய ஒயரில் எவ்வளவு வேகத்தில் தகவல் போக வேண்டும், திரையில் வரிக்கு எண்பது எழுத்தா நாற்பதா என்றெல்லாம் நாமே சொல்லிவிடலாம். என் முறை வந்தபோது நாற்பது என்று அடித்தேன். எழுத்துகள் இரண்டு மடங்கு அகலமாகின. என் நாற்காலிக்குத் திரும்பி வந்து பார்த்தால் எல்லாவற்றையும் படிக்க முடிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மற்றவர்கள் சத்தம் போடவே சார் வந்து பழையபடி மாற்றிவிட்டு என்னைப் படிக்கச் சொன்னார், முடியவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று அப்பாவிடம் பக்குவமாகச் சொன்னார்.

"பொட்டப்பிள்ளைக்குச் சோடாபுட்டிய மாட்டிவிட்டா நாளைக்கு எவன் வே கெட்டுவான்? நீரு பாடத்த மட்டும் பாரும்" என்றார் அப்பா.

மறுநாளே எனக்கு வகுப்பு நின்றது, பொன்னாங்கண்ணிக் கீரை ஆரம்பித்தது. எந்தத் தெருவிலோ மூக்கு ஒழுகக் கோலி விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையனுக்குப் பிற்காலத்தில் என் முகம் பிடிக்காமல் போய்விடுமாம்; அதற்காக என் கண்ணுக்குக் கீரை. என்ன நியாயம் இது?

கல்லூரியில் சேர்ந்த பிறகு நானே பாளையங்கோட்டையில் டாக்டரிடம் போனேன். வலது கண் கண்ணாடியில் தெளிந்தது. இடது கண்ணுக்கு எந்தக் கண்ணாடியும் உதவவில்லை. சின்ன வயதிலேயே போட்டிருந்தால் அதுவும் தேறியிருக்கும் என்றார் அவர். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த மாடியில் இப்போது துணிமூட்டைகள் கிடக்கின்றன. கறுப்புத் திரை போயிற்று, கட்டளை அடித்து எழுத்தைப் பெரிதாக்கும் வேலையும் போயிற்று. அப்பாவே போனில் இரண்டு விரலால் எழுத்தை அகட்டி வைத்துப் படிக்கிறார். ஆனால் சென்ற மாதம் மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப, அண்ணன் மகளைப் படம் எடுக்க ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனபோது, கண்ணாடியைக் கழற்று என்றார் அப்பா. அவள் மாட்டேன் என்றதும், பரவாயில்லை, கம்ப்யூட்டரிலேயே கண்ணாடியை அழித்துவிடலாம் என்று ஸ்டுடியோக்காரப் பையன் வழி சொன்னான்.

"கண்ணாடியோட எடுங்க தம்பி," என்றேன். "கழத்தச் சொல்லுதவன் வீட்டுக்கு இந்தப் படம் போவாண்டாம்."

அப்பா எனக்கு இடது பக்கம் நின்றிருந்தார். அவர் முகம் எப்படிப் போனதென்று எனக்குத் தெரியவில்லை.