முழுகிய குச்சி

அறுபத்தெட்டு வயதில், மலையோடை அருவிகளில் கயிற்றைப் பிடித்து இறங்க, மருமகனின் ஆபீஸ் பையன்களோடு பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து வேனில் கிளம்பினேன். நீரியல் பொறியாளனாக ஓய்வு பெற்றவனுக்கு இவ்வளவுதான் மூளை.

எங்களைக் கயிற்றில் இறக்கியவரும் பெங்களூர்தான், மர்பி டவுன்காரர். ஒல்லி, முன்பல் இரண்டு இல்லை. ஒவ்வொரு அருவியிலும் முதலில் தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, அதையே சற்று நேரம் பார்ப்பார். மூன்றாவது அருவியில் குச்சி முழுகியது.

“மேல எங்கியோ மழை சார். எல்லாரும் திரும்பி ஏறுங்க.”

“வானம் பளிச்சுனு இருக்கேப்பா. நான் தண்ணியைப் பத்தியே படிச்சவன்.”

“நீங்க படிச்சிருப்பீங்க சார். தண்ணி படிக்கலையே. ஏறுங்க.”

பையன்கள் சிரித்தார்கள். ஏறினோம். டீக்கடையில் உட்கார்ந்து, அவர் கோழை, மரியாதை தெரியாதவர் என்று அவருடைய கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். அப்பழுக்கற்ற ஆங்கிலம்.

அரை மணி நேரத்தில் வேன் ஒரு பாலத்தைக் கடந்தது. கீழே அதே ஓடை செம்மண் நிறத்தில், மரங்களை வேரோடு உருட்டிக்கொண்டு போனது. புகாரைத் திரும்பப் பெற ஒரு வரி போதும். பையன்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, மன்னிப்புக் கேட்க கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். “அவரை அப்பவே அனுப்பிட்டோம் சார்,” என்றாள் ஒரு பெண். “புது ஆள் ரொம்ப மரியாதை. எதுக்கும் மாட்டேன்னு சொல்றதே இல்லை.”

பெங்களூரில் தூறல் விழும் சனிக்கிழமைகளில், அந்த மரியாதைக்காரர் குச்சி நடுகிறாரா என்று யோசித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.