நீலப் பெட்டி சென்ட்டுக்கு ஒரு மாற்று

1. மூக்கு போன காலை

கொரோனாவில் பன்னிரண்டு நாள் படுத்து எழுந்து வேலைக்குத் திரும்பிய அன்று, வழக்கம்போல யூகலிப்டஸ் தைலக் கேனைத் திறந்தேன். கண் எரிந்தது, தண்ணீர் வந்தது. வாசனை மட்டும் வரவில்லை. கேனில் ஏதோ கோளாறு என்று நினைத்து அடுத்ததைத் திறந்தேன். பிறகு ரோஜா, மல்லிகை, வெட்டிவேர். அலமாரியில் இருந்த அத்தனை மூடிகளையும் திறந்து பார்த்தேன், எதிலும் வாசனை இல்லை.

ஊட்டியில் நான் வேலை பார்த்த கடையில் அப்போது எனக்கு இருபத்து நான்கு வருட சர்வீஸ். முன்பக்கம் தைலம், சாக்லேட், டீத்தூள் எல்லாம் டூரிஸ்ட்டுகளுக்கு. பின்பக்கம் சென்ட் கவுண்டர், அது உள்ளூர்க்காரர்களுக்கு. கம்பெனி சென்ட் வாங்க வசதியில்லாதவர்களுக்கும், கம்பெனி நிறுத்திவிட்ட சென்ட்டைத் தேடி வருகிறவர்களுக்கும் அதே மாதிரி ஒன்றைக் கலந்து தருவது என் வேலை. காம்பவுண்ட் என்று கெட்டியான வாசனைச் சரக்கு கேனில் வரும். அதை ஆல்கஹாலில் அளந்து கலக்க வேண்டும். அளவை யாரும் கற்றுக்கொள்ளலாம். அளவு சரியா என்று மூக்குதான் சொல்ல வேண்டும்.

ஒரு மாதத்தில் திரும்பிவிடும் என்றார் டாக்டர். திரும்பவில்லை. முதலாளியிடம் நான் சொல்லவும் இல்லை. மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மூக்கில்லாதவளை அந்தக் கவுண்டரில் எதற்கு வைத்துக்கொள்வார்கள்? அளவெல்லாம் நோட்டில் இருந்தது. ஸ்ட்ரிப்பை, அதாவது வாசனை பார்க்கிற காகிதத்தை, மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடுவேன். "இன்னும் துளி ஜெரேனியம் விடலாமுங்க" என்பேன். எல்லோரும் நம்பினார்கள். ஒன்றரை வருடம் இப்படி ஓடியது.

2. மஞ்சூரிலிருந்து வந்தவர்

ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், ஆரோக்கியசாமி அண்ணன் வந்தார். மஞ்சூர்க்காரர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்குட்டைக்குள் சுற்றி வைத்திருந்த பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். நீலப் பெட்டியில் வரும் சென்ட். ஒரு காலத்தில் இங்கே பாதிப்பேர் சட்டையில் அந்த வாசனைதான் இருந்தது. கம்பெனி அதை நிறுத்தி நாலைந்து வருடம் ஆகிவிட்டது. பாட்டிலின் அடியில் நக அளவு மிச்சம்.

"ஆன்லைன்ல ஒருத்தன் ஒம்பதாயிரம் கேக்கறானுங்க அம்மிணி. என்ற பென்சன்ல எங்க போறது? இதே மாதிரி பண்ணிக் குடுக்க முடியுமுங்களா?"

"பண்ணலாமுங்கண்ணா. உங்களுக்குத்தானுங்களா?"

அவர் பாட்டிலைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு சொன்னார். அவர் மனைவி ரோஸ்லின், டீச்சராக இருந்தவர். மூன்று வருடமாக மறதி நோய். இப்போது கணவரையே யாரென்று தெரிவதில்லை.

"காலைல கஞ்சி கொண்டு போனா, யாரோ ஊட்டுக்குள்ள பூந்துட்டான்னு சத்தம் போடறா. இத அடிச்சுட்டுப் பக்கத்துல போனா மட்டும் அமைதியாயிடறாளுங்க. வாயத் தொறக்கறா. குளிக்க வரா. பையன் மெட்ராஸ்ல இருக்கறான். உங்களால பாக்க முடியாது, ஹோம்ல விட்டுரலாமுங்கறான். இது தீந்துச்சுன்னா அவன் சொல்றதுதான் நடக்கும்."

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். கோயமுத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு நல்ல கலவைக்காரர் இருந்தார். அவரிடம் அனுப்பியிருக்கலாம். ஆனால் முதலாளி இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "செல்வி கலந்தா அச்சு அசலா இருக்கும், கவலப்படாதீங்க" என்றார்.

நீலப் பெட்டியை வருடக்கணக்காக நான் விற்றிருக்கிறேன். மேலே லாவெண்டர், நடுவில் ஜெரேனியம், அடியில் மரப்பாசியின் ஈர வாடை. நினைவிலிருந்து கலந்தேன். ஸ்ட்ரிப்பை முகர்ந்து தலையாட்டினேன். அண்ணன் கை நீட்டி வாங்கி மோந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"தலவலித் தைலம் மாதிரி வருதுங்களே?"

"இப்ப ஸ்பிரிட் வாடைதானுங்க தூக்கும். ஒரு வாரம் ஊறட்டும், சரியாயிரும்."

ஊற வேண்டும் என்பது உண்மை. ஊறினால் சரியாகும் என்பது நான் அறியாமல் சொன்னது. இருபத்தைந்து வருட அனுபவக்காரி சொல்கிறாள் என்று அவர் தன் மூக்கை நம்பாமல் என்னை நம்பிவிட்டார்.

3. கேள்வி

மூன்று வாரம் கழித்து வந்தார். தாடி வளர்ந்திருந்தது. நான் கலந்து கொடுத்த பாட்டிலை மேஜைமேல் வைத்தார். சத்தம் போடவில்லை.

"பழசு தீந்து போயி, முந்தாநேத்துதான் இத அடிச்சுட்டுப் போனேனுங்க. அந்தத் தைல வாடைக்கு, ஆஸ்பத்திரிலருந்து ஊசி போட ஆள் வந்துட்டான்னு நெனச்சுட்டா. கதவத் தொறந்துட்டு ஓடுனா. மழை. ஊட்டுக்குக் கீழ டீக்காட்டுச் சரிவுல உருண்டு போயிட்டாளுங்க. இடுப்பெலும்பு போச்சு. இங்க ஊட்டி ஆஸ்பத்திரிலதான் போட்டிருக்கறேன். நர்சம்மா கை வெச்சாலும் கத்தறா, நான் கை வெச்சாலும் கத்தறா. தண்ணிகூட எறங்கல."

பாட்டிலை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் கேட்டார்:

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அம்மிணி. அன்னிக்கு நீங்க நெசமாலுமே மோந்து பாத்தீங்களா?"

முதலாளி முன்பக்கம் கல்லாவில் இருந்தார். இரண்டு டூரிஸ்ட்டுகள் சாக்லேட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இல்லீங்கண்ணா" என்றேன். "எனக்கு மூக்கு இல்லீங்க. கொரோனாவுல போனது. யாருகிட்டயும் சொல்லல."

அவர் திட்டுவார் என்று நின்றேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"என்ற மூக்கு நல்லாத்தான் இருக்குது. எடுங்க எல்லாத்தையும்."

முதல் கேனிலேயே குட்டு வெளிப்பட்டது. லாவெண்டரை மோந்ததும், "இதுதானுங்க அந்தத் தலவலித் தைலம்" என்றார். சப்ளையர் மாறியிருந்தான். லேபிளில் அதே பெயர், உள்ளே கற்பூர வாடை தூக்கலான மட்டச் சரக்கு. முதல் நாளே ஒரு தடவை மோந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் கேன் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அதை வைத்து எத்தனை பேருக்குக் கலந்து கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

அன்றும் மறுநாளும் அவர் ஆஸ்பத்திரிக்கும் கடைக்குமாக நடந்தார். அவர் கொண்டுவந்த பழைய நீலப் பெட்டிப் பாட்டிலின் மூடியில் வாசனை கொஞ்சம் ஒட்டியிருந்தது. நான் கலந்து ஸ்ட்ரிப்பை நீட்டுவேன். அவர் மூடியை ஒரு தடவை, ஸ்ட்ரிப்பை ஒரு தடவை மோந்து, "இல்ல" என்பார். மூக்கு மரத்துப்போனால் வெளியே போய் மழைக்காற்றில் நின்றுவிட்டு வருவார். இரண்டாம் நாள் மத்தியானம், கீழ்த்தட்டில் சலூன்களுக்கென்று வைத்திருந்த பவுடர் காம்பவுண்டை அவரே எடுத்தார். அலமாரியிலேயே விலை குறைந்தது அதுதான். என் மூக்கு நன்றாக இருந்த காலத்தில்கூட நான் அதைத் தொட்டிருக்க மாட்டேன். அதை ஜெரேனியத்தோடும் பாசியோடும் சேர்த்து, பழைய ஸ்டாக்கில் மிச்சமிருந்த நல்ல லாவெண்டரில் ஆறு துளி விட்டோம். அவர் மோந்தார். மறுபடி மோந்தார். ஊறுவதற்குக் காத்திராமல் அப்படியே சட்டைமேல் தடவிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

வார்டில் ரோஸ்லின் டீச்சரின் கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டி வைத்திருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. அண்ணன் குனிந்ததும் டீச்சர் கத்தத்தான் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மூக்கு மட்டும் அசைந்தது.

"பஸ்ஸ எங்க நிறுத்துனீங்க?" என்று கேட்டார்.

"ஸ்டாண்டுல போட்டுட்டு வந்துட்டேன்" என்றார் அண்ணன். கட்டை அவிழ்த்துவிட்டு, ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தார். இறங்கியது.

4. பிறகு

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே முதலாளியிடம் முழுவதும் சொன்னேன். "ஒண்ணரை வருசமா என்ற பேர வெச்சு வெளையாடியிருக்கே" என்றார். கவுண்டரை மூடிவிட்டார். என்னை முன்பக்கம் டீத்தூள் பாக்கெட் போடுகிற வேலைக்கு மாற்றினார். இரண்டு வருடம் அதைச் செய்துவிட்டு நின்றுகொண்டேன்.

ரோஸ்லின் டீச்சர் ஆஸ்பத்திரியை விட்டு வரவில்லை. படுத்தே இருந்ததில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. கடைசி வரைக்கும் கணவர் கையால் சாப்பிட்டார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். அவர் விழுந்தது என்னால். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் ஃபார்முலா கேட்கிறார்கள். தருகிறேன். கூடவே இரண்டு விஷயம் சொல்கிறேன். ஸ்ட்ரிப்பை முதலில் வாடிக்கையாளரிடம் கொடுங்கள், அவர் முகம் சுருங்கினால் அவர் சொல்வதுதான் சரி. உங்களால் முடியாது என்றால், முடியாது என்பதை அவர் படியேறி வந்த அன்றைக்கே சொல்லுங்கள். சொன்னால் வேலை போகலாம். போகட்டும்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து அண்ணன் கடைக்கு வந்தார். மிச்சமிருந்த பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.

"வெச்சுக்குங்கண்ணா. அவங்க ஞாபகமா இருக்கட்டும்" என்றேன்.

"வேண்டாமுங்க அம்மிணி. எனக்கு இந்த வாசனை ஒருநாளும் புடிச்சதில்ல. டீசல் நாத்தத்தோட ஊட்டுக்குள்ள வராதீங்கன்னு கண்ணாலமான புதுசுல அவ வாங்கிக் குடுத்தது. அவளுக்காகத்தான் முப்பத்தெட்டு வருசம் அடிச்சுட்டு இருந்தேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு மணி மஞ்சூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.